மிச்சப் பாதி

அந்த ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், மருந்துக் கிடங்குக்கும் துணி வெளுக்கும் அறைக்கும் நடுவே டயாலிசிஸ் கூடம் இருந்தது. அங்கே வேலை பார்த்த ஒருத்தியின் கதை இது. அவளுக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. மாதாமாதம் சம்பளச் சீட்டில் அச்சாகி வரும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளிகூட உதட்டைப் பிதுக்குவார். "பாதி எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள், கையோடு கூட்டிப்போய்க் கூடத்து வாசலில் விட்டுவிட்டு வருவார்.

பெயர்க் காரணத்துக்கு வருமுன் அந்தக் கூடத்தைச் சொல்லியாக வேண்டும். சுவரோரமாகச் சாய்வு நாற்காலிகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு மெஷின். நாற்காலியில் இருப்பவரின் கையிலிருந்து ஒரு குழாய் வழியாக ரத்தம் வெளியே போகும். வடிகட்டிக்குள் நுழைந்து, கழிவையும் வேண்டாத தண்ணீரையும் அங்கே விட்டுவிட்டு, இன்னொரு குழாய் வழியாக உடம்புக்கே திரும்பும். நான்கு மணி நேரம், வாரத்துக்கு மூன்று நாள். சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு அதுதான் உயிர். ஒரு முறை தவறினால் கால் வீங்கும். அடுத்ததும் தவறினால் நெஞ்சில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். அதற்கு மேல் நடப்பதை அந்தக் கூடத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஓடுகிற குழாயின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள் அவள். வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு மனிதருடைய சூடு, அவருக்கு வெளியே, தன் விரலுக்கடியில் ஓடுகிறது என்று நினைத்ததும் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டாள். கைப்பிடியளவு இருக்கிற இரண்டு உறுப்புகள் ராத்திரி பகல் பாராமல், யாருக்கும் தெரியாமல், ஒரு நன்றிகூடக் கேட்காமல் செய்கிற வேலையில் கொஞ்சத்தைச் செய்வதற்கு இத்தனை பெரிய மெஷினும் இத்தனை பேரும் வேண்டியிருக்கிறதே என்று அவளுக்குப் பிரமிப்பு. அன்றைக்குப் பிளந்த வாயை இன்னும் மூடவில்லை என்பது அவள் புருஷனின் கட்சி. அவர் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர், எதையும் சமமட்டம் பார்த்துத்தான் பேசுவார்.

அதிசயப்படுகிறவர்களுக்கு வாய் சும்மா இருக்காது. பஸ்ஸில் வரும்போது படித்தது, நூலகத்தில் சிறுவர் கலைக்களஞ்சியத்தைப் புரட்டி எடுத்தது என்று தினம் ஒரு துணுக்கோடுதான் கூடத்துக்கு வருவாள். கேள்விப்பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து கொட்டுகிற ரகம் இல்லை. இரண்டு இடத்தில் பார்த்துச் சரி என்று தெரியாமல் வாயைத் திறக்க மாட்டாள். ஊசி குத்தும்போது சொன்னால் வலி தெரியாது என்றுதான் ஆரம்பித்தாள்.

ஒரு நாள் டீச்சருக்கு ஊசி போட்டுக்கொண்டே ஆக்டோபஸைப் பற்றிச் சொன்னாள். இந்த டீச்சர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போட்டால் தோலை உரித்தவர், டயாலிசிஸுக்கு மட்டும் வெள்ளிக்கிழமை தோறும் மட்டம் போடுவார். "ஆக்டோபஸுக்கு மூணு இதயம் டீச்சர். ஆனா அது நீந்தும்போது அதுல ஒண்ணு..." என்று இழுத்தபோது எதிர்வரிசையில் அலாரம் அடித்தது. ஓடினாள். அப்புறம் வேலை வேலையாக இழுத்துக்கொண்டு போனதில் மிச்சத்தைச் சொல்லவே இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கூடத்தைத் திறக்குமுன் வாசலில் டீச்சர் நின்றார். "அந்த ஒண்ணு என்ன ஆகும்?"

"நின்னுடும் டீச்சர். அதனாலதான் அதுக்கு நீந்தறதைவிட ஊர்ந்து போறதுதான் வசதி."

டீச்சர் கொஞ்ச நேரம் தன் நெஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு போய் எடை மேடையில் ஏறினார். வெள்ளிக்கிழமை! அவளுக்குப் பொறி தட்டியது அப்போதுதான். கரும்பலகையில் பாடம் எழுதினவரைக்கூட, விடை தெரியாத கேள்வி ஒன்று காலைப் பிடித்து இங்கே இழுத்து வந்துவிடுகிறதே!

அன்றிலிருந்து பாதிதான், அதுவே அவளுக்குப் பெயராகவும் ஆயிற்று. புறப்படும்போது ஒரு பாதி, மிச்சப் பாதி அடுத்த முறை வந்து உட்கார்ந்த பிறகு. கூடத்து ஜனங்களே அதற்கு ஒரு சட்டமும் போட்டுக்கொண்டார்கள்: வீட்டில் போய் ஃபோனில் தேடக் கூடாது. ஒருத்தர் தேடிப் பார்த்துவிட்டு வந்து முந்திரிக்கொட்டை மாதிரி விடையைச் சொல்லிவிட்டார். கூடமே ஒரு வாரம் அவரோடு பேசவில்லை, பாவம், மனுஷர் நான்கு மணி நேரமும் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "வீட்டுல சாப்பாட்டையாவது முழுசா சமைப்பியா, அதுலயும் பாதியா?" என்று அவள் புருஷன் கேட்டதும் இந்தக் காலத்தில்தான்.

இப்போது டிரைவருக்கு வருவோம். பஸ் ஓட்டியவர். உடம்பு படுத்தியதால் ஸ்டியரிங்கை விட்டாரே தவிர, ஓட்டுநர் தோரணையை விடவில்லை. நாற்காலியைச் சாய்க்கும் கைப்பிடியைக்கூடக் கியர் போடுகிற மாதிரிதான் பிடிப்பார். அவர் கையில் ரத்தக் குழாய்களை இணைத்துச் செய்த இடம் ஒன்று உண்டு, ஊசி குத்துவது அங்கேதான். தொட்டுப் பார்த்தால் மடியில் படுத்த பூனை மாதிரி உள்ளே உறுமும். "இஞ்சின் ஓடுதா பாதி?" என்று ஒவ்வொரு முறையும் கையை நீட்டுவார். "ஓடுதுண்ணா" என்று அவள் சொன்ன பிறகுதான் உட்காருவார்.

"பஸ்ஸுக்கும் சுவருக்கும் நடுவுல இம்மி இடம் விட்டுத் திருப்புவேன், தெரியுமில்ல" என்று ஒரு தடவை பெருமையடித்தார்.

"இம்மின்னா எவ்ளோண்ணா?" என்றாள் பாதி. அதோடு சரி, போய்விட்டாள். மனுஷர் இரண்டு நாள் வீட்டில் விரலை விரலோடு ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். அடுத்த முறை வந்ததும் சொன்னாள்: "ஒண்ணைப் பத்து லட்சத்துக்கும் மேல கூறு போட்டா, அதுல ஒரு கூறு. பழைய கணக்குல அவ்ளோ சின்னதுக்கும் தனியா ஒரு பேர் வெச்சிருந்தாங்க."

டிரைவர் கூரையைப் பார்த்தபடி யோசித்தார். "அதை அளந்து பாத்து என்னத்த பண்ணியிருப்பாங்க?" என்றார். பிறகு, "அப்போ நான் இத்தனை வருஷமா பொய்தான் சொல்லிட்டு இருந்திருக்கேன்" என்று ஒப்புக்கொண்டார். அன்று முழுக்க டீச்சரும் அவரும் இம்மியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். இம்மியளவும் இரக்கமில்லை, இம்மியும் பிசகாது என்று வாய்க்கு வந்தபடி நாம் வீசி எறிகிற சொல்லுக்குள் இப்படி ஒரு கணக்கு ஒளிந்துகொண்டிருக்கிறதே என்று டீச்சருக்கு ஆறவில்லை.

மூலை நாற்காலியில் கடிகாரம் பழுது பார்க்கிறவர் ஒருவர் உட்காருவார். பேச்சு குறைவு. "கடிகார முள் ஏன் எப்பவும் இந்தப் பக்கமாவே சுத்துது?" என்று பாதி கேட்டபோது மட்டும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆயுசெல்லாம் அதைக் கழற்றி மாட்டியவருக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லையே! பூமியின் வடபாதியில் வெயிலில் நட்ட குச்சியின் நிழல் அப்படித்தான் நகரும், நிழல் கடிகாரத்தைப் பார்த்துத்தான் முள்ளையும் அப்படிச் சுற்ற வைத்தார்கள் என்று விடை வந்த அன்று, தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நான் நிழலையா ரிப்பேர் பண்ணிட்டு இருந்தேன்" என்றார்.

அவருக்கு அவள் கடைசியாகச் சொன்ன பாதி ஒரு பறவையைப் பற்றியது. ஆலா என்று ஒரு சின்னப் பறவை, உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாது. அதில் ஓர் இனம் வருஷா வருஷம் பூமியின் வடமுனைப் பக்கத்திலிருந்து தென்முனைப் பக்கம் போய்விட்டுத் திரும்புகிறது. "அவ்ளோ தூரம் அலைஞ்சு அதுக்கு என்ன கிடைக்குதுன்னு அடுத்த தடவை சொல்றேன்" என்றாள். கடிகாரக்காரர் சிரித்துக்கொண்டே போனார். அடுத்த தடவை அவர் வரவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார் என்று அவர் மகன் ஃபோன் செய்து சொன்னான்.

விடையைச் சொல்லாமல் இருக்க முடியுமா? மற்றவர்கள் காத்திருந்தார்கள். மூலை நாற்காலியைப் பார்க்காமல் சொன்னாள்: "ரெண்டு கோடையும் அதுக்குக் கிடைக்குது. வடக்கே ஒண்ணு, தெற்கே ஒண்ணு. உலகத்துல வேற எந்த உயிரும் அவ்ளோ வெளிச்சத்தைப் பாக்கிறதில்லையாம்." சொல்லி முடிக்குமுன் குரல் உடைந்துவிட்டது. மிச்சத்தைக் கேட்காமல் ஒரு மனுஷர் போய்விட்டார் என்பது அவள் மனதில் முள்ளாகத் தைத்தது. கூடத்துக்காரர்களோ அந்த மூலை நாற்காலியில் உட்கார மாட்டோம் என்று ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார்கள். காலைப் பிரிவும் மதியப் பிரிவும் அதில் ஒரே கட்சி. மெஷின் உறை போட்டபடி நின்றது.

கூடம் முழுக்க இழவு வீடு மாதிரி கிடப்பதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. இவர்களைத் தூக்கி நிறுத்துகிற மாதிரி ஒன்று வேண்டும் என்று தேடினாள். தேடியதில் கிடைத்தது, இந்த மெஷினின் கதையே! புதன்கிழமை டிரைவரின் மெஷின் முடிகிற நேரத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தாள்.

"இந்த மெஷின் எப்படி வந்துச்சு தெரியுமா? ரெண்டாம் உலகப் போர் நடந்துட்டு இருந்தப்போ, நெதர்லாந்துல ஒரு டாக்டர். கையில காசும் இல்ல, சாமானும் இல்ல. இறைச்சி அடைக்கிறதுக்குப் பயன்படுத்தற மெல்லிசான உறை இருக்கில்ல, அதை வாங்கி ஒரு மர உருளையில சுத்தினாரு. உப்புத் தண்ணி நிரப்பின தொட்டிக்குள்ள உருளையைச் சுத்த விட்டு, அந்த உறைக்குள்ள நோயாளியோட ரத்தத்தை ஓட விட்டாரு. அதுதான் இதோட தாத்தா."

டீச்சர் "இறைச்சி உறையா!" என்று எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

"ஆமா டீச்சர். ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா மாட்டிப் பாத்தாரு. பதினஞ்சு பேருக்கு மேல. யாரையும் காப்பாத்த முடியல..."

அடுத்த வாக்கியம் தொண்டை வரை வந்துவிட்டது. அதற்குள் டீச்சரின் மெஷின் அலறியது. எழுந்து உட்கார்ந்ததில் ரத்த அழுத்தம் விழுந்து, டீச்சரின் கண் சொருகியது. பாதி பாய்ந்து போய் நாற்காலியைச் சாய்த்தாள், காலைத் தூக்கி வைத்தாள், பெரிய சிஸ்டரைக் கூப்பிட்டாள். டீச்சருக்கு நிதானம் வந்து, பாதி நிமிர்ந்து பார்த்தபோது, வேறொருத்தர் டிரைவரின் ஊசியை எடுத்துக் கட்டுப்போட்டு அனுப்பியிருந்தார்.

பாதி சொல்லியாயிற்று, மிச்சம் வெள்ளிக்கிழமை என்று அவளும் நிம்மதியாக வீட்டுக்குப் போனாள். எந்த இடத்தில் அறுந்தது என்று அவள் யோசிக்கவில்லை. தினமும் அறுக்கிறவளுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை!

வெள்ளிக்கிழமை டிரைவர் வரவில்லை. அவள் ஃபோன் செய்தாள், எடுக்கவில்லை. மறுபடியும் செய்தபோது அவர் மனைவி எடுத்தார். தையல் மெஷின் சத்தம் பின்னால் நின்றது.

"வரமாட்டேங்கறாரும்மா. இனிமே எப்பவுமே வரமாட்டாராம். சொல்லிப் பாத்தாச்சு, சண்டை போட்டுப் பாத்தாச்சு."

"ஏன் அண்ணி, என்னாச்சு?"

"நீ சொன்னியாமே, அந்த மெஷின்ல படுத்தவங்க ஒருத்தரும் பிழைக்கலன்னு. பாதியே சொல்லிட்டா, அதுக்கு மேல எவன் சொல்லணும்ங்கறாரு. அந்தக் கடிகாரக்காரர் போனதுலேருந்தே ஒரு மாதிரிதான் இருந்தாரு. புதன்கிழமை வந்ததுலேருந்து தண்ணியை அளக்காம குடிக்கிறாரு, நேத்திலேருந்து கால் வீங்கிடுச்சு. படுத்தா மூச்சு வாங்குது, உக்காந்தேதான் இருக்காரு."

பாவி வாய்! ஊரில் எத்தனையோ இடம் இருக்க, அந்த இடத்திலா அறுத்தாள்? திங்கட்கிழமை வரை அவர் தாங்க மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். மிச்சத்தை ஃபோனிலேயே சொல்லிவிடலாம் என்றால், அவர் ஃபோனை வாங்க மறுத்துவிட்டார். பெரிய சிஸ்டரிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

பெரிய சிஸ்டர் கண்டிப்புக்காரர். "பாதி பாதியா சொல்லிக் கடைசியில ஒருத்தர் உயிருக்கே உலை வெச்சுட்டியா" என்றார். பாதி தலையைத் தொங்கப் போட்டாள். சிஸ்டர் மூலையில் உறை போட்டு நின்ற மெஷினைப் பார்த்தார். "மதியம் வேற மெஷின் எதுவும் காலி இல்ல. இதைத்தான் தயார் பண்ணி வைக்க முடியும். டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன். போ, ஆளைக் கூட்டிட்டு வா."

டிரைவர் வீடு ஒரு பெயின்ட் கடைக்கு மேலே இருந்தது. படி குறுகல். ஏறும்போதே அவள் ஒரு திட்டம் போட்டாள். மிச்சத்தைச் சொல்லக் கூடாது, மெஷினுக்கு வந்தால்தான் சொல்வேன் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டும். இத்தனை வருஷமாக அதுதானே பலித்தது?

ஜன்னலோரம் நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். கீழே பஸ் நிறுத்தம் தெரியும். வருகிற போகிற பஸ்ஸையெல்லாம் அங்கிருந்தே மேற்பார்வை பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. இன்று பார்வை அங்கே இல்லை. பாதங்கள் இரண்டும் ஊதி, முக்காலியின் மேல் கிடந்தன. சுற்றிலும் பாதி தைத்த பள்ளிச் சீருடைகள்.

"எதுக்கு வந்த?" என்றார்.

"மிச்சம் சொல்லணும்ணா."

"மிச்சம் என்ன... இருக்கு? யாரையும் காப்பாத்த முடியலன்னு... நீதான சொன்ன." ஒரு வாக்கியத்துக்கு இரண்டு இடத்தில் நின்று மூச்சு எடுத்தார். "கடிகாரக்காரர் போய்ட்டாரு. அடுத்தது நான். அதுக்கு எதுக்கு... வாரத்துக்கு மூணு நாள் ஊசி?"

அந்த மூச்சைக் கேட்டதும் அவள் போட்ட திட்டமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. இப்படித் திணறுகிறவரிடம் பேரம் பேச அவளுக்கு மனசு வரவில்லை. வெட்டியவளே ஒட்டவும் வேண்டும். சீருடைகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பாதி என்று பெயர் வாங்கிய இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கதையை முழுசாகச் சொன்னாள்.

"யாரையும் காப்பாத்த முடியலண்ணா. நெஜம். ரெண்டு வருஷம் அப்படித்தான் போச்சு. ஆனா அந்த டாக்டர் நிறுத்தல. போர் முடிஞ்ச வருஷம் ஒரு அம்மாவைக் கூட்டிட்டு வந்தாங்க. அறுபது வயசைத் தாண்டினவங்க. நினைவே இல்ல. அவங்களுக்கும் மாட்டினாரு. பல மணி நேரம் ஓடுச்சு. அந்தம்மா கண்ணைத் திறந்தாங்க."

டிரைவரின் மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்.

"கண்ணைத் திறந்து அவங்க சொன்ன முதல் பேச்சு என்னன்னு அந்த டாக்டரே பின்னாடி சொல்லியிருக்காரு. அதைத்தான் புதன்கிழமை உங்ககிட்ட கேக்க நெனச்சேன். என்ன சொல்லியிருப்பாங்க?"

"தண்ணி கேட்டிருக்கும்" என்றார் டிரைவர். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டியவர்களுக்கு வேறு என்ன தோன்றும்?

"கடவுள் பேரைச் சொல்லியிருப்பா" என்றார் மனைவி.

"ரெண்டும் இல்ல அண்ணி. 'என் வீட்டுக்காரரை விவாகரத்து பண்ணப் போறேன்'னு சொன்னாங்களாம்."

மனைவி, "இதை நான் தினமும்தான் சொல்றேன். என் பேச்சை எந்த டாக்டர் எழுதி வெச்சான்?" என்றார்.

டிரைவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கச் சிரிக்க இருமல், இருமலோடு இளைப்பு, கண்ணில் தண்ணீர். மனைவி ஓடிவந்து முதுகைத் தடவினார். அடங்க வெகு நேரம் ஆயிற்று. அடங்கியபோது அவர் முகம் வேறாக இருந்தது.

"எனக்கும் அந்தம்மா மாதிரி... சரியாயிடுமா பாதி?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷம் சுலபமாகப் போயிருக்கும். அவள் சரி பார்க்காத எதையும் சொல்கிறவள் இல்லையே. "ஆகாதுண்ணா. அவங்களுக்குத் திடீர்னு வந்தது, கிட்னி திரும்ப வேலை செய்ய ஆரம்பிச்சுடுச்சு. உங்களுக்கு அது திரும்பாது. இந்த மெஷின் கூடவேதான் இருக்கணும்."

டிரைவர் தலையை ஆட்டினார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "அத்தனை பேர் கண்ணு முன்னாடி போனதுக்கு அப்புறமும், அந்த ஆள் மறுபடி குழாயை எடுத்து மாட்டினாரா?"

"மாட்டினாரு."

"எப்படி மனசு வந்துச்சு?"

"தெரியலண்ணா. நானும் அதையேதான் நெனச்சுட்டு இருக்கேன். ஒவ்வொருத்தர் போகும்போதும் அவருக்கு ஏதோ ஒண்ணு புரிஞ்சிருக்கும். அதை வெச்சு அடுத்தவங்களுக்குக் கொஞ்சம் மாத்தியிருப்பாரு. அவங்க அத்தனை பேர் இல்லன்னா அந்தம்மா இல்ல. அந்தம்மா இல்லன்னா நம்ம கூடம் இல்ல."

அவர் தன் கையைத் திருப்பி, அந்த உறுமும் இடத்தின் மேல் விரல்களை வைத்தார். முன்பின் தெரியாத ஊரில், முகம் தெரியாத அத்தனை பேர் படுத்த படுக்கை இந்தக் கை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அவருக்கு மயிர்க்கூச்செறிந்ததை அவர் மனைவியே பார்த்தார். கீழே ஒரு பஸ் வந்து நின்று போயிற்று.

"முழுசாச் சொல்லிட்டியே பாதி" என்றார் கடைசியில். "இனி நான் எதுக்கு... அங்க வரணும்?"

மடியில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டாள், கையில் ஒரு துணுக்குகூட மிச்சமில்லை என்றே நினைத்தாள். கெஞ்சலாமா, காலைப் பிடிக்கலாமா என்று தவித்தாள். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

டிரைவர் அதைப் பார்த்தபடி இருந்தார். பிறகு தாடையைச் சொறிந்தார். "அந்தம்மா நெஜமாவே விவாகரத்து பண்ணுச்சா?"

அவளுக்குத் தெரியும். அதையும் இரண்டு இடத்தில் பார்த்து வைத்திருந்தாள். சொல்ல வாயெடுத்தாள்.

டிரைவர் கையை உயர்த்தினார், பஸ்ஸுக்கு முன்னால் குறுக்கே வருகிறவனை நிறுத்துகிற மாதிரி. "இரு. சொல்லாத." மூச்சை இழுத்துக்கொண்டார். "அங்க வந்து உக்காந்து கேட்டுக்கறேன்." மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "சட்டையை எடு."

வாடகை வண்டியில் முன் இருக்கையில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்தார். மூச்சுக்கு மூச்சு அந்த ஓட்டுநருக்குப் பாடம் எடுத்துக்கொண்டே வந்தார். பின்னால் இரண்டு பெண்களும் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எந்த நாற்காலி என்று பாதி இன்னும் சொல்லவில்லை.

கூடத்துக்குள் நுழைந்ததும் அவரே பார்த்துவிட்டார். உறை எடுத்து, விளக்கு எரிய, மூலை மெஷின் தயாராக நின்றது. மதியப் பிரிவுக்காரர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் நின்றார். திரும்பிவிடுவார் என்றே பாதி நினைத்தாள். கால் வீக்கத்தோடு மெல்ல மெல்ல நடந்து போய், நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டார்.

"கடிகாரக்காரரே, கொஞ்சம் நகருங்க" என்றார். பிறகு உட்கார்ந்து கையை நீட்டினார். "இஞ்சின் ஓடுதா பாதி?"

"ஓடுதுண்ணா."

ரத்தம் குழாயில் ஏறியது. அவள் விரலை வைத்துப் பார்த்தாள். முதல் நாள் பார்த்த அதே வெதுவெதுப்பு. இத்தனை வருஷம் கழித்தும் அவளுக்கு அது அதிசயமாகத்தான் இருந்தது. வேலை நேரம் முடிந்தும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. போகப் போக அவர் மூச்சு சீரானது. முதுகைச் சாய்த்தார், கொஞ்சம் தூங்கினார். மெஷின் முடிந்து ஊசியை எடுக்கும்போது அவர் காதருகே குனிந்தாள்.

"சொல்லட்டுமாண்ணா? அந்தம்மா பண்ணாங்களா இல்லையான்னு?"

"இப்ப வேணாம்" என்றார் டிரைவர், கட்டை அழுத்திப் பிடித்தபடி. "திங்கக்கிழமை."

அவள் அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை நாள் இவர்களைப் பிடித்து இழுத்து வைத்திருப்பது தன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் அவள். இந்த மனுஷர் கயிற்றின் மறுமுனையைத் தாமே எடுத்துத் தம் இடுப்பில் கட்டிக்கொண்டு போகிறாரே! வாசலில் அவர் மனைவி அவளை ஓரமாக இழுத்தார். "என்கிட்டயாவது சொல்லித் தொலை. எனக்குத் தலை வெடிச்சுடும்." பாதி காதோடு சொன்னாள். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சனி ஞாயிறு இரண்டு நாளும் டிரைவர் முரண்டு பிடிக்கும்போதெல்லாம், "தண்ணியைக் கீழ வைங்க. இல்ல, விடையைச் சொல்லிடுவேன்" என்று மிரட்டியே அடக்கினாராம்.

திங்கட்கிழமை காலை கூடத்தைத் திறக்க வந்தபோது டிரைவர் வாசலில் நின்றார். கால் வீக்கம் வடிந்திருந்தது. நேரே மூலை நாற்காலிக்குப் போனார். யாரும் அவரை அங்கே போகச் சொல்லவில்லை. டீச்சர் தன் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். கூடமே காதைத் தீட்டிக்கொண்டது, அதற்குள் கதை எல்லோருக்கும் தெரிந்துவிட்டிருந்தது.

"முதல்ல குத்து. அப்புறம் சொல்லு" என்றார்.

குத்தினாள். ரத்தம் ஓடத் தொடங்கியது.

"பண்ணாங்கண்ணா. சொன்ன மாதிரியே விவாகரத்து பண்ணாங்க. அதுக்கு அப்புறமும் பல வருஷம் இருந்தாங்க. கடைசியில போனது வேற ஏதோ நோவுல, கிட்னியால இல்ல."

கூடம் சிரித்து ஓய்ந்தது. டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. "பல வருஷம்" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். குழாயில் தன் ரத்தம் போவதையும் வருவதையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியின் கைப்பிடியைக் கியர் போடுகிற மாதிரி இழுத்துச் சாய்ந்தார்.

"சரி பாதி. போகும்போது இன்னிக்குப் பாதியைச் சொல்லு. மறந்துடாத."